செடிக்குச் சாட்சி வேண்டாம், சீசாவுக்கு வேண்டும்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும், துணியில் சுற்றி அனுப்பிய மூன்று சீசாக்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மூன்றையும் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒன்றில் நீலப் பொடி, ஒன்றில் கடுகை விடச் சிறிய ஆரஞ்சு மணிகள், ஒன்றில் கருஞ்சிவப்புத் திரவம். மூன்றின் மேலும் ஓர் இலைப் படம் அச்சாகியிருக்கிறது. மூன்றிலும் 'தாவரத்திலிருந்து பெறப்பட்டது' என்ற வாசகம் இருக்கிறது.

மாசாயில் வீட்டிலிருந்தபடியே கேக்கும் குவே என்ற மலாய்ப் பலகாரமும் செய்து விற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள். ஒவ்வொருவரும் 'ஹலால் தாக்?', ஹலால்தானா, என்று கேட்கிறார்கள். 'ஜெலட்டினுக்குக் கேட்டால் புரிகிறது, மாமா. பூவிலும் பழத்திலும் எடுத்த சாயத்துக்கும் கேட்பார்களா?' என்று முடித்திருந்தாய். உன் எழுத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. உன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

முதலில் அந்த வருத்தத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். புரட்டாசி மாதத்தில் முட்டையில்லாத கேக்குக்குத்தான் ஆர்டர் அதிகம் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். உன் அம்மா அந்த மாதம் முழுக்கச் சைவம். கடையில் வாங்கிய ஜெல்லியைக் கையில் எடுத்து, 'இதில் மாட்டு எலும்பு ஏதும் சேர்த்திருக்கிறார்களா, பார்த்துச் சொல்' என்று அவர் கேட்டால் நீ கோபப்படுவாயா? கண்ணாடியை எடுத்துவந்து பொடி எழுத்தைப் படித்துச் சொல்வாய். உன் வாசலில் நிற்கும் மலாய்க்கார மக்சிக் கேட்பதும் அதே கேள்விதான். இந்தியாவில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி போடும் வழக்கம் 2001-இல் வந்தது. அதற்குப் பிறகும் எண்களின் பின்னால் ஒளிந்திருக்கும் பொருள்களைப் பற்றிய ஐயம் தீரவில்லை. 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், உணவில் சேரும் ஒவ்வொரு பொருளும் செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், குறியீட்டு எண் மட்டும் போதாது என்று உத்தரவிட்டது. அந்த வழக்கைக் கொண்டுபோனது ஒரு பசுப் பாதுகாப்பு அமைப்பு. தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் மார்க்கம் கற்ற ஆலிம் இல்லை. பத்து பஹாட் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கொள்முதல் பார்த்தவன். அங்கே ஹலால் குழுவிலும் இருந்தவன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமானால் ஜொகூர் முஃப்தி துறையைக் கேட்க வேண்டும். தொழிலில் கற்றதை மட்டும் நான் சொல்ல முடியும்.

செடி ஹலால். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விஷமும் போதையும் இல்லாத எந்த இலையும் பூவும் வேரும் பழமும் கூடும். மஞ்சளுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கொல்லையில் பறித்த பாண்டான் இலையை இடித்துப் பிழிந்தால் வரும் பச்சைக்கு எந்த முத்திரையும் தேவையில்லை. ஆனால் சீசாவுக்குள் செடி மட்டும் இருப்பதில்லை. அதைக் கரைத்த திரவம், காயவைக்கச் சேர்த்த மாவு, எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள், கெடாமல் காக்கும் பொருள் எல்லாம் கூடவே வருகின்றன. எதிலிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. எப்படி வந்து சேர்ந்தது என்பது இரண்டாவது கேள்வி. இலைப் படம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது.

உன் நீலச் சீசாவை எடுத்துக்கொள்வோம். சங்குப்பூப் பொடி. மலாய்க்காரர் புங்கா தெலாங் என்பார்கள். கிளந்தானின் நாசி கெராபுவுக்கு நீலம் கொடுப்பது இதுதான். பின்பக்கத்தில் ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருக்கிறது: உலர்ந்த பூ. நான் ஒரு சிட்டிகையைச் சுடுநீரில் போட்டுப் பார்த்தேன். அடர்நீலம் இறங்கியது. அரை எலுமிச்சை பிழிந்தேன். கண்முன்னே ஊதா ஆனது. இன்னொரு கோப்பையில் துளி சோடா மாவு போட்டேன், பச்சைக்குத் திரும்பியது. ஆந்தோசயனின் என்ற இந்தச் சாயத்தின் இயல்பே அது: புளிப்புக்கு ஒரு முகம், காரத்துக்கு ஒரு முகம். ஆகவே சோடா சேர்த்த கேக் மாவில் இதைப் போட்டுவிட்டு நீலம் ஏன் மங்கிப் பாசி நிறமானது என்று தவிக்காதே. புலுட் என்ற ஒட்டரிசிப் பலகாரத்துக்கும் வேகவைக்கும் குவேக்கும்தான் இது பொருத்தம். ஹலால் பார்வையில் இந்தச் சீசாவில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கொஞ்ச நாளில் இதையும் வாங்காமல் இருக்கப் பார். வேலியில் ஒரு கொடி படரவிட்டால் வருடம் முழுக்கப் பூக்கும் செடி இது. நீயே பறித்து, நீயே காயவைத்து அரைத்த பொடிக்கு நீயே சாட்சி.

அடுத்தது ஆரஞ்சு மணி. இதைப் பார்த்ததும் என் நெஞ்சு ஒரு கணம் நின்றது, காரணத்தைச் சொல்கிறேன். இது பீட்டா கரோட்டின், கேரட்டில் இருக்கிற அதே நிறம். கரோட்டின் எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. நீரில் கலக்க வேண்டுமென்றால் அதை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் ஒரு பொருளால் போர்த்த வேண்டும். அந்தப் போர்வை வேலம் பிசினாக இருக்கலாம், மாற்றியமைத்த மாவுச்சத்தாக இருக்கலாம், ஜெலட்டினாகவும் இருக்கலாம். ஜெலட்டின் மீனிலிருந்தும் வரும், மாட்டிலிருந்தும் வரும், பன்றித் தோலிலிருந்தும் வரும். 'தாவரத்திலிருந்து பெறப்பட்டது' என்பது கரோட்டினைப் பொறுத்தவரை உண்மை. போர்வையைப் பற்றி அந்த வாசகம் ஒன்றும் சொல்வதில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிஸ்கட் நடுவில் வைக்கும் கிரீமுக்கு ஆரஞ்சு நிறம் தேவைப்பட்டது. விற்க வந்தவர் 'கேரட் சாயம், பயமே வேண்டாம்' என்றார். நானும் எதிலிருந்து என்று கேட்டுத் திருப்திப்பட்டு ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டு நாள் உற்பத்தி ஓடிய பிறகுதான் பெட்டிக்குள் மடித்திருந்த விவரத்தாளை விரித்துப் படித்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஜெலட்டின் என்று இருந்தது. எந்த விலங்கு என்று இல்லை. ஓடிப்போய்க் குழுவிடம் சொன்னேன். அந்த இரண்டு நாள் சரக்கையும் கிடங்கில் பூட்டினோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: பன்றி. ஒரு பொட்டலமும் வெளியே போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பைகளைக் கிழித்துக் கொட்டியபோது பக்கத்தில் நின்றேன். இயந்திரத்தின் கிரீம் பாதை முழுவதையும் மார்க்க முறைப்படி ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவினோம். விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். நான் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. தவறு என்னுடையது.

இப்படித் தயாரிப்பு வழியில் நேர்ந்த ஒன்று ஒரு நாட்டையே உலுக்கியிருக்கிறது. 2001 ஜனவரியில் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ சுவையூட்டிப் பொடி கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பொடியில் யாரும் பன்றிக் கொழுப்பைச் சேர்க்கவில்லை. அதைத் தயாரிக்க உதவும் நுண்ணுயிருக்குக் கொடுத்த ஊட்டப்பொருளைச் செய்வதில் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. பொடியில் அது இருந்ததா இல்லையா என்று பெரியவர்களே இரண்டு பக்கமும் நின்று வாதிட்டார்கள். கடைசியில் தயாரிப்பு முறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாவது சீசா, அந்தக் கருஞ்சிவப்பு. திராட்சைத் தோல் சாறு. குறியீடு ஈ163. திராட்சை ஹலால்தான். ஆனால் திராட்சைத் தோல் சாயம் பெரும்பாலும் பிழிந்தெடுத்த சக்கையிலிருந்து செய்யப்படுகிறது. சில இடங்களில் அது பழச்சாற்று ஆலையின் சக்கை. சில இடங்களில் ஒயின் ஆலையின் சக்கை. ஒரே பழம், ஒரே தோல், இரண்டு வேறு வழி. இங்கே சீனர் கடைகளில் நீ அங்காக் என்ற சிவப்பரிசியைப் பார்த்திருப்பாய். அரிசியில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்த்துச் சிவப்பாக்கியது அது. அதே அரிசியை மது வடிக்கப் போட்டு, வடித்தபின் மிஞ்சும் சிவப்பு வண்டலையும் சமையலில் சேர்க்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே சிவப்பு. முஸ்லிம் வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றல்ல.

உன் சீசாவில் கரைப்பானாக எத்தனால் என்றும் போட்டிருக்கிறது. 'ஆல்கஹால் என்று எழுதியிருந்தாலே தூக்கி எறிய வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறாய். வேண்டியதில்லை. மலேசியாவில் இதற்குத் தெளிவான தீர்ப்பு உண்டு. 2011 ஜூலையில் தேசிய ஃபத்வாக் குழுவின் முஸாக்கரா கூட்டத்தில் எடுத்த முடிவு இது: வாசனைப் பொருளிலோ சாயத்திலோ நிலைப்படுத்துவதற்காக ஆல்கஹால் சேர்ந்திருந்தால், அந்த ஆல்கஹால் மது தயாரிக்கும் முறையில் உண்டாகாததாக இருக்க வேண்டும், செய்து முடித்த உணவு போதை தராததாகவும் அதில் ஆல்கஹால் 0.5 விழுக்காட்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் நிறைவேறினால் பயன்படுத்தலாம்.

கணக்கையும் போட்டுப் பார். சாயத்தில் 40 விழுக்காடு எத்தனால் என்று வைத்துக்கொள். ஒரு கிலோ மாவுக்கு 5 மில்லி சாயம் ஊற்றினால் அதில் எத்தனால் 2 மில்லி, அதாவது ஏறக்குறைய 0.2 விழுக்காடு. அளவு நிபந்தனை நிறைவேறிவிட்டது. முதல் நிபந்தனையை எந்தக் கணக்கும் நிறைவேற்றாது. அந்த எத்தனால் எங்கிருந்து வந்தது என்று தயாரித்தவர்தான் எழுத்தில் சொல்ல வேண்டும்.

நீ அனுப்பாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'இயற்கை நிறம்' என்றால் செடி என்று எடுத்துக்கொள்ளாதே. ஈ120 என்று கண்டால் அது காக்கினீல், சப்பாத்திக் கள்ளியில் வாழும் பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. பெரு நாட்டிலிருந்துதான் அதிகம் வருகிறது. நம் ஊர் அரக்குக்கும் பூச்சிதான் மூலம். காக்கினீலை இந்தோனேசிய உலமா சபை 2011-இல் கூடும் என்றது. மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 2012-இல் 0.003 முதல் 0.006 விழுக்காடு என்ற அளவுக்குள் கூடும் என்றது. ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். இந்த நாடு பின்பற்றுவது ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபு. தமிழ் முஸ்லிம்களில் நம் இராவுத்தர்கள் ஹனஃபிகள். பூச்சி விஷயத்திலும், ஒரு பொருள் முழுதும் உருமாறினால் தீர்ப்பும் மாறுமா என்ற விஷயத்திலும் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு. அதில் எது சரி என்று முடிவு செய்வது உன் வேலையல்ல. பூச்சி என்று தெரிந்தால் பூச்சி என்று சொல். முடிவை வாங்குகிறவரிடம் விட்டுவிடு. உன் அம்மாவின் புரட்டாசிக்கும் அந்தத் தகவல் உதவும்.

இத்தனையும் படித்துவிட்டு எல்லாச் சீசாவையும் கண்டு நடுங்காதே. நீரில் கலக்கும் மஞ்சள் திரவத்தில் பாலிசார்பேட் இருக்கலாம், பல சாயங்களில் கிளிசரின் இருக்கும். இரண்டையும் செய்யக் கொழுப்பு பயன்படுகிறது. மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம், செம்பனையாகவும் இருக்கலாம். உன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. செம்பனைக் கிளிசரினுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் உள்ள உள்ளூர்ச் சாயத்தை வாங்கினால் உன் கவலையில் பெரும்பாதி தீர்ந்துவிடும். வெளிநாட்டுச் சாயமானால், அதற்குச் சான்று தந்த அமைப்பு ஜாக்கிம் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்.

ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்தே வரும். நல்லது, தூயது, கேடு செய்யாதது. பன்றியும் மதுவும் இல்லை என்பதோடு பொறுப்பு முடிவதில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தார்கள், நினைவிருக்கிறதா? துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோடமின் பி என்ற சாயத்தைக் குழந்தைகள் தின்னும் மிட்டாயில் கலந்திருந்தார்கள். அதில் பன்றியும் இல்லை, மதுவும் இல்லை. அதை நல்ல உணவு என்று யார் சொல்வார்? மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயரில்லாத பொட்டலத்தை வாங்காதே. பாண்டான் படம் போட்ட பசையை வாங்கினால் பின்பக்கம் திருப்பிப் படி. பல பசைகளில் பச்சைக்குக் காரணம் செயற்கை மஞ்சளும் நீலமும்தான்.

சாயம் சுத்தமாக இருந்து சமையலறை தவறிவிட்டால் பயனில்லை. கேக் மேல் பூசும் தூரிகை எந்த முடியில் செய்தது என்று பார். பன்றி, நாய் உறுப்புகளால் செய்த பொருள்களை அப்படியே எழுதித் தனியே வைத்து விற்க வேண்டும் என்று 2013-இல் ஆணை வந்தது. 2017-இல் நாடு முழுக்கச் சோதனை போட்டு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தூரிகைகளைக் கைப்பற்றினார்கள். சிலிக்கோன் தூரிகை சில ரிங்கிட்தான், இன்றைக்கே மாற்றிவிடு. வீட்டில் நாய் வளர்ப்பதாக எழுதியிருக்கிறாய். தொழிலுக்கான பாத்திரம், அடுப்பு, மேசை எல்லாம் தனி அறையில் இருக்கட்டும். நாய் அந்தப் பக்கம் வரக்கூடாது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தும் பாத்திரத்தைத் தொழிலுக்கு எடுக்காதே.

இன்னொன்றில் மிகக் கவனமாக இரு. உன் பெட்டியில் நீயாக 'ஹலால்' என்று அச்சடிக்காதே. 2011-ஆம் ஆண்டின் வர்த்தக விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஆணைகள்படி, ஜாக்கிமும் மாநில இஸ்லாமியச் சமய மன்றங்களும் மட்டுமே சான்றளிக்க முடியும். முஸ்லிம்கள் சாப்பிடலாம் என்று பொருள்படும் வேறு வாசகமும் அதில் அடங்கும். தனிநபருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சான்றிதழ் எடுப்பது கட்டாயமில்லை. இல்லாததை இருப்பதுபோல் காட்டுவதுதான் குற்றம்.

அப்படியானால் 'ஹலால் தாக்?' என்று கேட்பவரிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொல். 'இன்னும் சான்றிதழ் எடுக்கவில்லை, கக். நீலம் தெலாங் பூவின் பொடி. பச்சை பாண்டான் இலை. மற்றச் சாயங்களின் தாள் இதோ இருக்கிறது, பாருங்கள்.' வாங்குவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். சிலர் வாங்காமல் போவார்கள். அதில் மனம் நோகாதே. உண்மையைக் கேட்டுவிட்டுப் போனவர் பிறகு வருவார். ஏமாந்தவர் வரமாட்டார், அவர் தெருவும் வராது. இங்கே அமானா என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பது. வாங்குகிறவர் உன் கையில் ஒப்படைப்பது அவருடைய சமய நம்பிக்கையை, ஈமானை.

ஒரு கோப்பு போடு. ஒவ்வொரு சீசாவுக்கும் ஒரு தாள். அதில் ஐந்து கேள்விக்குப் பதில் இருக்கட்டும்: நிறம் எதிலிருந்து? எந்தத் திரவத்தில் கரைத்து எடுத்தார்கள்? எதில் போர்த்தி, எதில் கலந்திருக்கிறார்கள்? அதே இயந்திரத்தில் வேறென்ன ஓடுகிறது? யார் சான்றளித்தார்கள், எந்தத் தேதி வரை? விற்பவர் வாயால் சொன்னதைத் தாளில் எழுதாதே. அவர் எழுத்தில் தந்ததை மட்டும் சேர். பின்னாளில் நீ சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பாதி வேலை அந்தக் கோப்பிலேயே முடிந்திருக்கும்.

உன் சீசாக்களை இப்படித் திருப்பி அனுப்புகிறேன். நீலத்தைத் தாராளமாகப் பயன்படுத்து. கருஞ்சிவப்பை மூடியே வை. சக்கை எந்த ஆலையினுடையது, எத்தனால் எதிலிருந்து என்று பதில் வரட்டும். ஆரஞ்சு மணிகளின் மூடிமேல் காகிதம் ஒட்டி, 'போர்வை எது?' என்று எழுதியிருக்கிறேன். தயாரித்தவருக்கு நானே எழுதிக் கேட்டிருக்கலாம், எழுதவில்லை. அந்தக் கடிதம் உன் பெயரில், உன் கையெழுத்தோடு போகட்டும். பதில் வந்ததும் அதைக் கோப்பின் முதல் தாளாக வை. அது பாதகமாக வந்தாலும் கிழித்துப் போடாதே.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். நோன்புப் பெருநாளுக்கு உன் நீலப் புலுட்டை ஒரு தட்டு எடுத்து வை. நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பூ உன் வேலியில் பூத்ததா என்று அப்போதும் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே.

என்றும் அன்புடன்,
மாமா
ஜொகூர் பாரு